பதிவேட்டில் ஒரு பெயர்: தாதியர் கடல் கடந்த வரலாறு

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவனையும் நான்காவது கூறாக எண்ணுகின்றார். உரை செய்த பரிமேலழகர், அப்பணியாளனுக்கு வேண்டிய இயல்புகளும் நான்கு என்பார். நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன அவை.

இந்நான்கும் ஒருவரிடம் உண்டு என்பதை அறிவது எவ்வாறு? ஒரே ஊரில் பிறந்து அவ்வூரிலேயே பணி செய்பவரை ஊரார் அறிவர். கடல் கடந்து வந்து நிற்கும் ஒருத்தியை யார் அறிவார்? அவளுக்காகச் சான்று கூறுவது யார்? தாதியர் பதிவேடு என்பது இவ்வினாவிற்குக் கடந்த நூற்றாண்டு தந்த விடையாகும். அவ்விடை முழுமையானதா என்பதை அதன் வரலாறே காட்டும்.

கடிதமே உரிமம்

1860-ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. எட்டாண்டுகள் கழித்து, 1868-இல், அப்பள்ளியில் பயின்ற லூசி ஆஸ்பர்ன் என்பாரும் அவருடன் ஐவரும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வந்திறங்கினர். அங்கிருந்த மருத்துவமனைக்குப் பயிற்சி பெற்ற தாதியர் வேண்டுமென நியூ சௌத் வேல்ஸ் அரசின் சார்பில் ஹென்றி பார்க்ஸ் எழுதிய வேண்டுகோளே அப்பயணத்திற்குக் காரணம். அந்த அறுவரிடமும் அரசாங்கம் வழங்கிய உரிமம் எதுவும் இல்லை. அந்நாளில் அத்தகைய உரிமம் உலகில் எங்குமே இருந்ததில்லை. நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரே அவர்களுக்கு உரிமமாயிற்று.

ஒருவர் சொல்லால் கதவு திறக்குமாயின், ஒருவர் சொல்லால் அது மூடவும் கூடும். 1854-இல் கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தபொழுது, ஜமேக்காவில் பிறந்த மேரி சீக்கோல் இலண்டனுக்கு வந்து, போர்க்களத்திற்குத் தாதியாகச் செல்ல விண்ணப்பித்தார். வாந்திபேதி, மஞ்சள் காய்ச்சல் ஆகிய நோய்களிடையே பணிசெய்து பழகியவர் அவர். தம்மை அறிந்தவர்களின் நற்சான்றுகளும் வைத்திருந்தார். ஆயினும் சென்ற இடமெல்லாம் மறுப்பே கிடைத்தது. தம் தோலின் நிறமோ காரணம் என்று தாம் ஐயுற்றதை 1857-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அவரே எழுதியுள்ளார். முடிவில் தம் சொந்தச் செலவிலேயே கிரிமியா சென்று படைவீரர்க்குத் தொண்டாற்றினார்.

ஆஸ்பர்னுக்குத் திறந்த கதவு சீக்கோலுக்கு ஏன் திறக்கவில்லை? இன்ன தகுதி உடையவர் தாதி ஆவர் என்னும் பொதுவிதி எழுதப்படாத காலம் அது. ஆகவே தெரிவு செய்பவரின் விருப்பமே விதியாயிற்று.

முப்பதாண்டுப் போராட்டம்

பொதுவிதி வேண்டும் என்று போராடியவர்களுள் தலையாயவர் எதெல் பெட்போர்டு பென்விக். 24 வயதிலேயே இலண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் தலைமைத் தாதியாகிய இவர், 1887-இல் பிரிட்டிஷ் தாதியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். மருத்துவர்க்குப் பதிவேடு இருப்பதுபோல் தாதியர்க்கும் ஒன்று வேண்டும். மூன்றாண்டுப் பயிற்சி வேண்டும். எல்லார்க்கும் ஒரே தேர்வு வேண்டும். தேறியவர் மட்டுமே பதிவு பெற்ற தாதி என அழைக்கப்பெற வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள்.

இதனை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் நைட்டிங்கேல் அம்மையார் என்பது பலர்க்கு வியப்பளிக்கலாம். அவர் எதிர்ப்பிற்குக் காரணம் உண்டு. தேர்வு அறிவை அளக்கும், குணத்தை அளக்குமா? ஒரு பெண் குறித்த நாளில் தேறினாள் என்பதைப் பதிவேடு கூறும். பத்தாண்டுகள் கழித்தும் அவள் நல்ல தாதியாகவே இருக்கின்றாள் என்பதைக் கூறுமா? இவையே அவர் எழுப்பிய தடைகள். பரிமேலழகர் கூறிய நான்கு இயல்புகளில் பின்னிரண்டாகிய செய்வன்மையும் அறிவுமே தேர்வுக்கு அகப்படும். முன்னிரண்டாகிய அன்பும் தூய்மையும் அகப்படா எனத் தமிழர் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

இலண்டன் மருத்துவமனையின் தலைமைத் தாதி ஈவா லூக்கஸ் போன்றோரும் பதிவேட்டை எதிர்த்தனர். இரு சாராரும் தாதித் தொழிலின் உயர்வையே நாடினர். ஆயினும் வழக்கு முப்பதாண்டுகளுக்கு மேல் நீண்டது.

இங்கிலாந்து வழக்காடிக்கொண்டிருந்தபொழுதே அதன் குடியேற்ற நாடுகள் முந்திக்கொண்டன. தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருத்துவர், மருந்தாளர் ஆகியோரோடு தாதியரையும் பதிவு செய்யத் தொடங்கிற்று. இதற்கு உழைத்தவர் கிம்பர்லி நகரில் பணியாற்றிய துறவி ஹென்ரியட்டா. தாதியர்க்கென்றே தனிச்சட்டம் முதன்முதல் இயற்றிய நாடு நியூசிலாந்து. அச்சட்டம் 1901-இல் நிறைவேறியது. 1902-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் எல்லன் டவர்ட்டி அப்பதிவேட்டின் முதற்பெயராக இடம்பெற்றார். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் 1903-இல் இவ்வழியைப் பின்பற்றியது. சென்னை மாகாணம் தாதியர், மருத்துவச்சியர் சட்டத்தை 1926-இல் இயற்றிற்று.

இங்கிலாந்தில் முதல் உலகப்போர் முடிந்த பின்னரே, 1919-ஆம் ஆண்டு டிசம்பரில் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. பொதுத் தாதியர் மன்றம் அமைந்தது. 1921-இல் திறக்கப்பெற்ற பதிவேட்டில் முதல் எண்ணுக்குரிய பெயர் எதெல் பென்விக் என்பதே. 1925 முதல் அரசுத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. தேறியவர் தம் பெயருக்குப் பின் எஸ்.ஆர்.என். என்னும் மூன்றெழுத்துகளை இட்டுக்கொள்ளும் உரிமை பெற்றனர்.

இச்சட்டத்தில் கடல் கடந்த நாடுகளுக்குத் தொடர்புடைய கூறு ஒன்றும் இருந்தது. பேரரசின் பிற பகுதிகளில் பதிவேடு இருந்து, அங்குப் பயிற்சித் தரம் ஒத்திருந்து, அப்பகுதி இங்கிலாந்துப் பதிவை ஏற்குமாயின், அங்குள்ள தாதியரை இங்கிலாந்தும் ஏற்கலாம் என்பது அது. ஒரு நாட்டின் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர் மற்றொரு நாட்டிலும் செல்லுபடியாகும் வழி இங்ஙனம் பிறந்தது.

மலாயாவும் சிங்கப்பூரும்

சிங்கப்பூரில் தாதித் தொழிலின் தொடக்கம் 1885-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் என்பர். அன்று பிரெஞ்சுக் கன்னிமாடத் துறவியர் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணும் பொறுப்பை ஏற்றனர். அந்நாளே இன்றும் சிங்கப்பூரில் தாதியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்ச் சிங்கப்பூரில் 1949-லும் மலாயாவில் 1950-லும் தாதியர் பதிவுச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிற்று. யாவர்க்கும் இலவச மருத்துவம் என்னும் அறிவிப்பு வந்தவுடன் மருத்துவமனைகள் நிரம்பின. பணிசெய்யத் தாதியர் போதவில்லை. 1949 முதல் பிரிட்டிஷ் அமைச்சகங்கள் குடியேற்ற நாடுகளில் ஆள் சேர்க்க முனைந்தன. 1955-க்குள் 16 குடியேற்ற நாடுகளில் அரசு சார்ந்த தெரிவுமுறை அமைந்துவிட்டது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்களே மிகப் பலர். மலாயா, சிங்கப்பூர், மொரீசியசு, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களிலிருந்தும் இளம்பெண்கள் சென்றனர். மலாயாவிலிருந்து சென்றோரில் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் இருந்தனர்.

பள்ளி இறுதித் தேர்வில் தேறிய 18 வயதுப் பெண்ணுக்கு அப்பயணம் அளித்த நம்பிக்கை சிறிதன்று. பயிற்சிக் கட்டணம் இல்லை; பயிலும் காலத்திலேயே உதவித்தொகை உண்டு; தங்குவதற்குத் தாதியர் விடுதி உண்டு. பல்கலைக்கழகம் அனுப்பப் பொருளில்லாத குடும்பங்களின் பெண்கள், தம் உழைப்பையே கட்டணமாகக் கொடுத்து உலகம் மதிக்கும் தகுதி பெறக்கூடிய வழி அது ஒன்றே எனலாம். இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டளவில் பயிற்சியில் இருந்த தாதி மாணவர், மருத்துவச்சி மாணவர் ஆகியோருள் ஏறக்குறைய 100-க்கு 12 பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவராயிருந்தனர்.

இரு கதவுகள்

இங்கேதான் வரலாற்றின் இடர்ப்பாடான பகுதி தொடங்குகின்றது. பதிவேடு ஒன்றே, தேர்வு ஒன்றே என்று பென்விக் கண்ட கனவு நெடுநாள் நிலைக்கவில்லை. போர்க்காலத்தில் தாதியர் தட்டுப்பாடு மிகவே, 1943-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவேட்டிற்குப் பக்கத்தில் இரண்டாவது ஏடு ஒன்றைத் திறந்தது. அது துணைத் தாதியர்க்குரிய பெயர்ப்பட்டியல். இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர் அதில் சேர்க்கப்பெற்றனர். 1961-இல் ‘துணை’ என்னும் சொல் நீக்கப்பட்டு அவர்கள் எஸ்.இ.என். எனப்பட்டனர்.

எஸ்.ஆர்.என்., எஸ்.இ.என். ஆகிய இரண்டிற்கும் வேறுபாடு எழுத்து ஒன்றே. வாழ்க்கையிலோ அவ்வேறுபாடு மிகப் பெரிது. முன்னவர் மூன்றாண்டுகள் பயின்றவர். நோயாளர் கூடத்திற்குத் தலைவியாகவும், பின்னர் மருத்துவமனைக்கே தலைமைத் தாதியாகவும் உயரக்கூடியவர். பின்னவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் கூடத் தலைவியாக உயர்தல் அரிது. ஊதியமும் குறைவு. பல மருத்துவமனைகளில் உடையும் இடைவாரும்கூட வேறு நிறம். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. இரண்டாம் ஏட்டில் இடம்பெற்றவரை அவர்தம் தாய்நாடுகள் பல முழுத் தகுதியுடைய தாதியாக ஏற்கவில்லை.

எவர் எந்த ஏட்டிற்குச் செல்வது என்பதை யார் முடிவு செய்தனர்? சேர்த்துக்கொண்ட மருத்துவமனையே பெரிதும் முடிவு செய்தது. முதல் ஏட்டிற்குப் பயில்பவர் ‘ஸ்டூடன்ட்’ என்றும், இரண்டாம் ஏட்டிற்குப் பயில்பவர் ‘பியூப்பில்’ என்றும் வழங்கப்பட்டனர். தமிழில் இரண்டையும் மாணவி என்றே மொழிபெயர்ப்போம். மலாயாவிலோ ஜமேக்காவிலோ இருந்துகொண்டு அழைப்புக் கடிதம் பெற்ற ஒரு பெண், இவ்விரு சொற்களும் இருவேறு வாழ்க்கைகளைக் குறிக்கும் என்பதை எங்ஙனம் அறிவாள்? தன்னைத் தாதிப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதே அவள் அறிந்தது. பலர் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்பொழுது உண்மையை உணர்ந்தனர். சிலர் பயிற்சி முடிந்த பின்னரே உணர்ந்தனர்.

இவ்விடத்தில் இங்கிலாந்தின் வாதத்தையும் எண்ணிப் பார்த்தல் முறை. 1939 முதல் நீக்கப்பட்டிருந்த குறைந்தளவுக் கல்வித்தகுதி 1962-இல் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. நோயாளியின் பாதுகாப்புக்குத் தரம் இன்றியமையாதது என்பதை மறுப்பார் இலர். தகுதி குறைந்தோர்க்கும் தொழிலில் இடமளிக்கவே இரண்டாம் ஏடு என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. இங்கிலாந்துப் பெண்களும் பலர் எஸ்.இ.என். ஆயினர். ஆயினும் தேவையான கல்வித்தகுதி பெற்று வந்த வெளிநாட்டுப் பெண்களும் பலர் இரண்டாம் வழியிலேயே நிறுத்தப்பட்டனர் என்பதும், முதியோர் மருத்துவமனை, மனநோய் மருத்துவமனை முதலிய, உள்நாட்டார் விரும்பாத இடங்களுக்கே அவர்கள் மிகுதியாக அனுப்பப்பட்டனர் என்பதும் பின்வந்த ஆய்வுகளால் விளங்கின. தரத்தைக் காக்க எழுந்த சுவரில், ஆள் பற்றாக்குறையை மலிவாகத் தீர்க்கும் சிறு வாயிலும் வைக்கப்பட்டிருந்தது. சீக்கோல் காலத்தில் முகம் பார்த்து மூடிய கதவு, இப்பொழுது முகம் பார்த்து வேறு கதவைக் காட்டிற்று.

முதற்கதவின் வழியே சென்றவர் எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு நைஜீரியாவின் கோபோவொரோலா பிராட் சான்று. 1940-களில் இலண்டன் சென்று, நைட்டிங்கேல் பள்ளியிலேயே பயின்று, பதிவு பெற்ற தாதியானவர் அவர். தாய்நாடு திரும்பிய அவர், 1964-இல் இபாடன் பல்கலைக்கழக மருத்துவமனையின் தலைமைத் தாதியானார். அதுகாறும் ஐரோப்பியரே வகித்துவந்த அப்பதவியை ஏற்ற முதல் நைஜீரியர் அவரே. பின்னர் நாட்டின் தலைமைத் தாதி அலுவலராகவும் விளங்கினார். ஒரு புதிய நாடு தன் மருத்துவமனைகளைத் தானே நடத்த இத்தகையோர் வேண்டும். அதே கப்பலில் சென்று, அதே நோயாளிகளைப் பேணி, இரண்டாம் ஏட்டில் பெயர் பெற்றவர்க்கோ திரும்பும் வழி அடைபட்டது. திரும்பினால் தாதி அல்லர். தங்கினால் உயர்வு இல்லை. இழந்தவர் அவர் மட்டும் அல்லர். அவருக்காகக் காத்திருந்த நாடும் இழந்தது.

அமெரிக்காவில் நிகழ்ந்தது

இது பிரிட்டன் ஒன்றற்கே உரிய கதை அன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமெரிக்கா நடத்திய பரிமாற்றத் திட்டத்தில், பிலிப்பைன்சுத் தாதியர் இரண்டாண்டு மேற்பயிற்சிக்கென அழைக்கப்பட்டனர். மருத்துவமனைகள் பல, சிறு உதவித்தொகையைக் கொடுத்து, முழுத் தாதியர் செய்யும் வேலையை அவர்களைக்கொண்டு செய்வித்தன. 1965-இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்தபின் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். ஆயினும் அந்தந்த மாநிலத்தின் உரிமத் தேர்வில் தேறினாலன்றித் தாதியாகப் பணியாற்ற இயலாது. தேறாதவர் உதவியாளராகக் குறைந்த ஊதியத்தில் நின்றனர்.

இந்நிலையைக் கண்டு 1977-இல் வெளிநாட்டுத் தாதியர் பள்ளிகளின் பட்டதாரிகளுக்கென ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கடல் கடக்கும் முன்னரே, சொந்த நாட்டிலேயே ஒரு முன்தேர்வு நடத்துவது அதன் முறை. தேறும் வாய்ப்பு உண்டா இல்லையா என்பதைப் பயணச்சீட்டு வாங்குமுன் அறிந்துகொள்ளலாம். 2005 முதல் அமெரிக்க உரிமத் தேர்வையே வெளிநாட்டு நகரங்களில் எழுதும் வசதியும் வந்தது.

இங்கிலாந்தும் இவ்வழியே சென்றது. இரு ஏட்டு முறைக்கு எதிராக எழுந்த குரல்கள் ஓயவில்லை. 1979-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய மன்றத்தை மாற்றியது. 1980-களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தால் எஸ்.இ.என். பயிற்சி படிப்படியாக நின்றது. ஏற்கெனவே அத்தகுதி பெற்றிருந்தோர் முழுப்பதிவு பெற மாற்றுப் பயிற்சிகள் ஏற்பட்டன. இருபது முப்பது ஆண்டுகள் உழைத்துத் தலை நரைத்த தாதியர் மீண்டும் மாணவியராய் அமர்ந்து, முதலிலேயே தமக்குரியதாயிருந்த மூன்றெழுத்தைத் தேடினர். 2014 முதல் வெளிநாட்டுத் தாதியர்க்கு இருபடித் தேர்வு வந்தது. முதற்படியைத் தம் நாட்டிலேயே கணினியில் எழுதலாம். இரண்டாம்படியாகிய செய்முறைத் தேர்வைப் பிரிட்டனில் எழுத வேண்டும்.

ஆயினும் கதை முடிந்தது என்பதற்கில்லை. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்து, பதிவு பெற்ற தாதிக்குக் கீழ், இரண்டாண்டுப் பயிற்சிக்குரிய தாதியிணையர் என்னும் புதுப்பிரிவைப் பதிவேட்டில் திறந்தது. ஆள் பற்றாக்குறை தோன்றும்பொழுதெல்லாம் இரண்டாம் ஏடும் தோன்றுவது ஈண்டுக் கருதத்தக்கது.

அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும்

ஒருகாலத்தில் தாதியரை அனுப்பிய ஊர்களே இன்று ஏற்கும் ஊர்களாகவும் மாறியுள்ளன. சிங்கப்பூர் மருத்துவமனைகளில் மலேசியா, பிலிப்பைன்சு, இந்தியா, மியன்மார் நாடுகளிலிருந்து வந்த தாதியரைக் காணலாம். அங்கும் பதிவு பெற்ற தாதி, பட்டியலில் சேர்க்கப்பட்ட தாதி என இரு நிலைகள் உண்டு. ஒரு காலத்தில் இங்கிருந்து சென்ற பெண் இங்கிலாந்தில் கேட்கத் தவறிய கேள்விகளை, இன்று இங்கு வரும் பெண் கேட்க வேண்டியவளாகின்றாள். ஏழை நாடுகளின் தாதியரைச் செல்வ நாடுகள் வரைமுறையின்றி ஈர்த்துக்கொள்ளுதல் தகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் ஒழுக்கநெறி ஒன்றை வகுத்தது. அது நாடுகளுக்கு அறிவுரையே அன்றிக் கட்டளை அன்று.

இவ்வரலாற்றால் அறியத்தக்கது யாது? பதிவேடு வேண்டாம் என்பதன்று. பதிவேடு இல்லாத காலத்தில் சீக்கோலுக்கு நேர்ந்ததை முன்னரே கண்டோம். முன்பின் அறியாத நாட்டில் ஓர் ஏழைப்பெண்ணின் திறமைக்குச் சான்று கூறவல்லது அவ்வேடே. ஆனால் ஏடு எழுதுவோர் நேர்மையும், ஏட்டில் எத்தனை பகுதி உண்டு என்னும் தெளிவும் இல்லையேல் அதே ஏடு அவளைக் கட்டவும் வல்லது.

இன்றும் தாதிப்பணிக்குக் கடல் கடக்க எண்ணும் மாணவியர் முதலில் வந்து கேட்பது பெரும்பாலும் ஆசிரியரிடத்திலேயே. நற்சான்றுக் கடிதத்தில் கையொப்பமிடுமுன் மூன்று செய்திகளை அவர்களோடு அமர்ந்து பார்த்தல் நன்று. பயிற்சியின் முடிவில் எந்த ஏட்டில், எந்தப் பகுதியில் பெயர் எழுதப்படும்? அப்பதிவைத் தாய்நாட்டு வாரியம் ஏற்குமா? கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குச் செல்ல வழி உண்டா, அதற்கு எத்தனை ஆண்டு? இம்மூன்றிற்கும் விடை எழுத்தில் கிடைத்த பின்னரே பயணச்சீட்டு வாங்குதல் வேண்டும். 1950-களில் கப்பலேறிய பெண்கள் பலர்க்கு இவற்றைச் சொல்லி அனுப்ப ஒருவரும் இல்லாது போயினர்.